428 குழந்தைகள்

போன வருடம் என் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது பால் சுரக்கத் தாமதமாயிற்று. குழந்தையின் எடையும் கொஞ்சம் குறைவு. டாக்டர் ஒரு பால்பவுடரை எழுதிக்கொடுத்து, "பத்து நாளைக்குத்தாம்மா, அப்புறம் தேவைப்படாது" என்றார். ராத்திரி இரண்டு மணிக்கு வெந்நீர் ஆறும்வரை காத்திருந்த நேரத்தில், மகள் அந்த டின்னின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க எண்ணெய் லேப்லதானே இருந்தீங்க? இதுல லினோலிக் ஆசிட்னு போட்டிருக்கே, அது சமையல் எண்ணெய்ல இருக்கறதுதானே? பாப்பாவோட பால்ல அதுக்கு என்ன வேலை?"

ஒரு எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். லினோலிக் அமிலத்தில் பதினெட்டு கார்பன், இரண்டு இரட்டைப் பிணைப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கைக்குழந்தைக்கு அது எதற்கு, எவ்வளவு வேண்டும் என்று யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. "குழந்தைக்கு நல்லதும்மா" என்று சமாளித்துவிட்டேன்.

மறுநாள் தேட ஆரம்பித்தேன். ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? தேடிப்போன வழியில் ஆரில்ட் ஹேன்சன் என்ற பெயர் வந்தது. அதற்கு முன் நான் கேள்விப்பட்டிராத பெயர். அவர் குழந்தை மருத்துவர். பேத்தியின் டின்னில் இருந்த அந்த ஒரு வரிக்குப் பின்னால், முப்பது வருடத்துக்கு நீண்ட அவருடைய வேலை இருந்தது. படித்து முடித்தபோது மரியாதையும் வந்தது, சங்கடமும் வந்தது. இரண்டையும் எழுதிவைக்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கொஞ்சம் ரசாயனம். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு சோதனைதான்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் தினமும் செய்தது அயோடின் எண் பார்ப்பது. எண்ணெயை எடைபோட்டு ஃப்ளாஸ்க்கில் எடுத்துக் கரைத்து, அளந்த அயோடின் கரைசலை ஊற்றி, இருட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டும். எண்ணெயில் எங்கெல்லாம் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் அயோடின் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிஞ்சியது எவ்வளவு என்று ப்யூரெட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம். "பிரௌன் போறத பாத்துட்டு நிறுத்தாதடா, ஸ்டார்ச் போட்டு நீலம் போகுதான்னு பாரு" என்பார் சீனியர்.

தேங்காயெண்ணெய்க்கு இந்த எண் பத்தைத் தாண்டாது. கடலை எண்ணெய்க்குத் தொண்ணூறைச் சுற்றி வரும். நல்லெண்ணெய் நூறைத் தாண்டிவிடும். எண் கூடக்கூட இரட்டைப் பிணைப்புகள் அதிகம் என்று அர்த்தம். எங்களுக்கு அது கலப்படம் பிடிக்கிற சோதனை. நல்லெண்ணெய் என்று வந்த டேங்கரில் எண் குறைந்தால் லாரி திரும்பிப் போகும்.

இதே சோதனையை 1930களில் ஒருவர் கைக்குழந்தைகளின் ரத்தத்தில் செய்துபார்த்தார் என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்தான் ஹேன்சன். ஆனால் அவரிடம் போவதற்கு முன் சில எலிகளைப் பார்த்தாக வேண்டும்.

*

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊட்டச்சத்து அறிஞர்களுக்குக் கொழுப்பு என்றால் அடுப்புக்கு விறகு மாதிரி. எரித்தால் சூடு வரும், நிறைய கலோரி தரும், அவ்வளவுதான். சர்க்கரை சாப்பிட்டாலே உடம்பு கொழுப்பைச் செய்துகொள்கிறதே, அப்புறம் வெளியிலிருந்து எதற்கு? கொழுப்போடு கூடவே வருகிற வைட்டமின் ஏ, டி கிடைத்தால் போதும் என்று நினைத்தார்கள். ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரு பெரியவர்கள் 1920-ல் இதைச் சோதித்துவிட்டு, கொழுப்பு அவசியம் என்றே வைத்துக்கொண்டாலும் மிக மிகச் சிறிதளவுதான் தேவைப்படும் என்று எழுதினார்கள்.

ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஜார்ஜ் அதற்கு முன் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸின் ஆய்வகத்தில் வைட்டமின் ஈ பற்றிய வேலையில் இருந்தவர். பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத சாப்பாடு கொடுத்துப் பார்ப்பது அவர்கள் திட்டம். சொல்வதற்குச் சுலபம். பால் புரதம், ஈஸ்ட் எல்லாவற்றிலும் எங்கோ ஒரு துளி கொழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் கரைத்து எடுத்தார்கள். வைட்டமின் குறைவால் வந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, மீனெண்ணெயில் கொழுப்பு அமிலங்களை நீக்கிவிட்டு, மீதியிருந்த வைட்டமின் பகுதியை மட்டும் கொடுத்தார்கள்.

எலிக்குட்டிகள் சில மாதங்களில் நோயுற்றன. வாலில் செதில் செதிலாகத் தோல் தடித்தது. முடி உதிர்ந்தது. வளர்ச்சி நின்றது. சிறுநீரகம் கெட்டு சிறுநீரில் ரத்தம் வந்தது. தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தன. கடைசியில் செத்துப்போயின. சாகுமுன் சில சொட்டுப் பன்றிக் கொழுப்பைக் கொடுத்தால் தேறிவிட்டன. 1929-ல் இதைப் புதிய குறைபாட்டு நோய் என்று அறிவித்தார்கள். அடுத்த வருடம், பன்றிக் கொழுப்பில் இருந்து எலிகளைக் காப்பாற்றிய பொருள் எது என்பதையும் சொன்னார்கள்: லினோலிக் அமிலம். உடம்பால் செய்துகொள்ள முடியாத, சாப்பாட்டிலிருந்தே வந்தாக வேண்டிய கொழுப்பு அமிலம் ஒன்று உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

பலர் நம்பவில்லை. நம்பியவர்களும் கேட்ட கேள்வி: எலிக்குச் சரி, மனுஷனுக்கு?

*

அதே மினசோட்டாவில்தான் ஹேன்சன் குழந்தை மருத்துவராக இருந்தார். கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து, வெடித்து, நீர் கசிகிற கரப்பான் நோயோடு வரும் குழந்தைகளை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோலையும் எலி வாலையும் அவர் மனம் சேர்த்துப் பார்த்தது. குழந்தைகளின் ரத்தத்தை எடுத்து, அதிலிருந்த கொழுப்பின் அயோடின் எண்ணைப் பார்த்தார். கரப்பான் வந்த குழந்தைகளுக்கு அது குறைவாக இருந்தது. லாரியைத் திருப்பி அனுப்ப நாங்கள் பார்த்த அதே எண். எண்ணெய் வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குக் குணம் தெரிந்தது. 1933-ல் இதை வெளியிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கரப்பானுக்குக் காரணமே இதுதான் என்ற அவருடைய எண்ணம் நிற்கவில்லை. பெரும்பாலான கரப்பான் ஒவ்வாமையோடும் பரம்பரையோடும் சம்பந்தப்பட்டது. எண்ணெய் கொடுத்தும் பலருக்குச் சரியாகவில்லை. பாதி தப்பான யோசனை ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சரியான கேள்விக்கு வந்து சேர்ந்தார்.

அதற்குள் இன்னொரு அடியும் விழுந்தது. பர் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரௌன் என்ற உயிர்வேதியியலாளர், "நானே சாப்பிட்டுப் பார்க்கிறேன்" என்று முன்வந்தார். ஆறு மாதம் கிட்டத்தட்டக் கொழுப்பே இல்லாத சாப்பாடு. கொழுப்பு நீக்கிய பால், அதிலிருந்து செய்த பாலாடைக்கட்டி, சர்க்கரை, ஆரஞ்சு ஜூஸ் இப்படி. எலிக்கு வந்ததுபோல அவருக்குத் தோல் உரியும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. எடை கொஞ்சம் குறைந்தது. சின்ன வயதிலிருந்தே அவரைப் படுத்திவந்த ஒற்றைத் தலைவலி காணாமலே போய்விட்டது! ரத்தத்தில் மட்டும் லினோலிக் அமிலம் குறைந்திருந்தது. 1938-ல் இந்த முடிவு வெளிவந்தது. கட்டுரையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஹேன்சனும் ஒருவர். தன் கருத்துக்கு எதிராகப் போகிற சாட்சியத்தில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்ட மனிதர்.

பிரௌனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? இன்றைக்குக் கணக்குப் போட்டால் எளிதாகப் புரிகிறது. வளர்ந்த மனிதனின் உடலில் பத்துக் கிலோவாவது கொழுப்பு சேர்ந்திருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு லினோலிக் என்று வைத்தாலும் ஒரு கிலோ. ஆறு மாதம் என்ன, அதற்கு மேலும் தாங்கும். கையிருப்பு இல்லாமல் வேகமாக வளர்கிற ஜீவனிடம்தான் இதற்குப் பதில் கிடைக்கும். எலிகளில் அது அப்போதுதான் பால்குடி மறந்த குட்டி. மனிதர்களில் கைக்குழந்தை.

ஹேன்சனும் அங்கேதான் போனார்.

*

1940களில் அவர் டெக்சாஸின் கடலோரத் தீவு நகரமான கால்வெஸ்டனுக்கு, அங்கிருந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவத் துறைக்குத் தலைவராகப் போனார். உயிர்வேதியியலாளர் ஹில்டா வீஸ் அவரோடு வேலை செய்தார். கட்டுரைகளில் அவர்கள் இருவர் பெயரும் வருடக்கணக்காகச் சேர்ந்தே வருகின்றன.

முதலில் நாய்க்குட்டிகளிடம் பார்த்தார்கள். கொழுப்பில்லாத உணவில் அவற்றின் முடி சொரசொரத்தது, தோல் உரிந்தது. கூடவே வீஸ் அளக்கும் முறையைச் சீர்செய்துகொண்டிருந்தார். அயோடின் எண்ணுக்கு ஒரு குறை உண்டு. மொத்த இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்று சொல்லுமே தவிர, எந்த அமிலத்திலிருந்து வந்தது என்று சொல்லாது. உண்டியலில் மொத்தம் எத்தனை ரூபாய் என்று தெரியும், எத்தனை பத்து ரூபாய், எத்தனை நூறு ரூபாய் என்று தெரியாது. கொழுப்பைக் காரத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறி ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அமையும். அப்போது இரண்டு பிணைப்பு உள்ளது ஓர் அலைநீளத்தில் புறஊதாக் கதிரை உறிஞ்சும், மூன்று உள்ளது இன்னொன்றில், நான்கு உள்ளது வேறொன்றில். ஆக, தனித்தனியாக எண்ணலாம். குழந்தையிடமிருந்து கொஞ்சம் ரத்தம்தானே எடுக்க முடியும், அந்தக் கொஞ்சத்திலேயே இதைச் செய்கிற முறையை வீஸும் ஹேன்சனும் 1953-ல் வெளியிட்டார்கள்.

பிறகுதான் அந்தப் பெரிய ஆய்வு. 1958-ல் தொடராகச் சில கட்டுரைகள் வந்தன. முழு அறிக்கை 1963-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. அதன் தலைப்பிலேயே எண்ணிக்கை இருக்கிறது: 428 கைக்குழந்தைகள்.

குழந்தைகளுக்கு ஐந்து வகைப் பால் கலவைகள் கொடுக்கப்பட்டன. ஒன்றில் கலோரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட லினோலிக் இல்லை. கொழுப்பு நீக்கிய பாலில் சர்க்கரையைச் சேர்த்துக் கலோரியைச் சரிக்கட்டிய கலவை அது. மற்றவற்றில் படிப்படியாகக் கூடி, அதிகபட்சமாகக் கலோரியில் ஏழு சதவீதம் வரை போனது. குழந்தைகளின் தோல், எடை, குடித்த பாலின் அளவு, ரத்தம் எல்லாம் பதிவாயின.

கொழுப்பில்லாத பாலைக் குடித்த குழந்தைகளுக்குத் தோல் காய்ந்தது, தடித்தது, செதிலாக உரிந்தது. ஆசனவாய்ப் பக்கம் சிவந்து புண்ணானது. பாலில் லினோலிக் சேர்த்ததும் தோல் பழையபடி ஆயிற்று. கலோரியில் ஒரு சதவீதம் இருந்தாலே இந்த அறிகுறிகள் வரவில்லை.

இன்னொன்றும் கவனித்தார்கள். லினோலிக் குறைந்த குழந்தைகள் அதே அளவு வளர்வதற்கு அதிகக் கலோரி குடிக்க வேண்டியிருந்தது. பர் தம்பதியின் எலிகள் தண்ணீராகக் குடித்துத் தள்ளியது ஞாபகமிருக்கிறதா? இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று பின்னாளில் தெரிந்தது. நம் தோலின் மேலடுக்கில் நீர் வெளியேறாமல் காக்கும் ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சின் முக்கியமான மூலக்கூறுகளில் லினோலிக் அமிலம் ஓர் உறுப்பு. அது இல்லாவிட்டால் பானை கசிகிறது. தண்ணீர் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது. அந்தச் சூட்டை ஈடுகட்டக் குழந்தை அதிகம் குடிக்கிறது.

*

என் சங்கடம் இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

எலிக்குக் கொழுப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நாய்க்குட்டிக்கு என்ன ஆயிற்று என்று அவரே பார்த்தவர். தெரிந்தே, பேச்சு வராத பச்சைக் குழந்தைகளுக்கு அதை நிறுத்திப் பார்த்தார். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு இதைப் படித்தேன். அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். பசும்பாலை ஆவியில் சுண்டவைத்து டின்னில் அடைத்ததை நீர் சேர்த்துக் குழந்தைக்குக் கொடுப்பது அன்றைய அமெரிக்காவில் வழக்கம். பசும்பாலில் லினோலிக் குறைவு, தாய்ப்பாலில் அதைப்போல் பல மடங்கு. வயிற்றுப்போக்கு என்றால் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுப்பதும் டாக்டர்கள் செய்ததுதான். ஆக, எத்தனையோ வீடுகளில் யாரும் அளக்காமல், யாரும் கவனிக்காமல் நடந்த ஒன்றை அவர் அளந்தும் கவனித்தும் செய்தார் என்று வாதாடலாம். தோல் உரிந்தபோது அதை மாற்ற வழியும் கையில் இருந்தது. மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவ சங்கத்தின் ஹெல்சிங்கி அறிக்கை வந்தது 1964-ல், இவருடைய முழு அறிக்கைக்கு அடுத்த வருடம். அமெரிக்காவில் சட்டம் வந்தது 1974-ல்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் கேள்வி போகவில்லை. இன்றைக்கு இந்த ஆய்வை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அனுமதிக்கவும் கூடாது. ஆனால் இன்றைக்கு ஒரு டின் பால்பவுடரில் எவ்வளவு லினோலிக் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், கையைக் காட்ட வேண்டிய இடங்களில் முதலானது இந்த ஆய்வுதான். எனக்கு இரண்டில் ஒன்றை விட்டுவிட முடியவில்லை.

*

ஹேன்சன் சொன்னதை எல்லாரும் கேட்டுக்கொண்டார்களா? பாதி கேட்டார்கள்.

பர்ரின் மாணவர் ரால்ஃப் ஹோல்மன், மினசோட்டாவின் ஆஸ்டின் நகரில் இருந்த ஹார்மல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தார். லினோலிக் குறைந்தால் ரத்தத்தில் இரண்டு, நான்கு இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்கள் குறைகின்றன, மூன்று உள்ளது மட்டும் ஏறுகிறது. இது கால்வெஸ்டன் குழந்தைகளின் ரத்தத்திலும் தெரிந்தது. காரணம் சுவாரசியமானது. லினோலிக் வந்தால் அதை நீட்டி, இன்னும் இரண்டு பிணைப்பு சேர்த்து, நான்கு பிணைப்புள்ள அராகிடோனிக் அமிலம் செய்வது உடம்பின் ஒரு நொதிக்கூட்டத்தின் வேலை. லினோலிக் வராவிட்டால் அவை சும்மா இருப்பதில்லை. கைக்குக் கிடைத்த ஓலியிக் அமிலத்தை எடுத்து அதே வேலையைச் செய்து, மூன்று பிணைப்புள்ள ஒரு போலியைச் செய்துவைக்கின்றன. அசலின் வேலையை அதனால் செய்ய முடியாது. இந்தப் போலிக்கும் அசலுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தாலே குறைபாட்டைச் சொல்லிவிடலாம் என்றார் ஹோல்மன், 1960-ல். விகிதம் 0.4-ஐத் தாண்டினால் குறைபாடு. தோல் உரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதாவது, இனி ஒரு குழந்தையை நோய்வாய்ப்படுத்தித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் குறைந்தது.

ஆனால் 1960களின் இறுதியில் வேறொரு கதவு திறந்தது. குடல் வேலை செய்யாத குழந்தைகளுக்குச் சாப்பாடு முழுவதையும் ரத்தக்குழாய் வழியே கொடுக்கலாம் என்று ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக்கும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அதுவரை பட்டினியால் செத்துக்கொண்டிருந்த குழந்தைகள் பிழைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அமெரிக்க மருத்துவமனைகளில் அந்தச் சொட்டுக் கரைசலில் குளூக்கோஸும் புரதக் கூறுகளும் உப்பும் வைட்டமினும்தான் இருந்தன. கொழுப்பு இல்லை. பருத்திக்கொட்டை எண்ணெயில் செய்த ஒரு பால்மக் கரைசல் முன்பு இருந்தது, அது நச்சுத்தன்மை காட்டியதால் விலக்கப்பட்டுவிட்டது. ஸ்வீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயையும் முட்டைக்கருவின் லெசித்தினையும் வைத்து ஒரு நல்ல கரைசலை 1960களின் தொடக்கத்திலேயே செய்துவிட்டார். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1975-ல்.

நடுவில் என்ன ஆயிற்று? 1972-ல் ஹோல்மனும் மற்றவர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கொழுப்பில்லாத சொட்டுக் கரைசலில் வளர்ந்த கைக்குழந்தைகளின் ரத்தத்தில் அந்தப் போலி அமிலம் ஏறியிருந்தது. 1929-ல் எலியின் வாலில் பார்த்த செதில், பிழைக்கவைக்கப்பட்ட குழந்தைகளின் உடம்பில். மனிதனுக்கும் இது தேவைதானா என்ற பழைய சண்டை அத்தோடு முடிந்தது. டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. விஷயம் தெரிந்திருந்தாலும் கையில் மருந்து இல்லை.

அந்த வருடங்களில் சிலர் ஒரு குறுக்குவழியையும் முயன்றார்கள். உள்ளே கொடுக்க முடியாவிட்டால் தோலில் தேய்த்தால் என்ன? 1976-ல் இரண்டு குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெயைத் தேய்த்து ரத்தத்தில் குறைபாடு சரியானதாகப் பதிவு செய்தார்கள். வேறு சிலர் செய்தபோது அப்படிச் சரியாகவில்லை. ஆனாலும் எண்ணெய் கொஞ்சமாவது உள்ளே போகிறது என்பது உண்மை. 2005-ல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், நம் நாட்டு டாக்டர்கள் பச்சைக் குழந்தைகளுக்குக் குசும்பா எண்ணெயும் தேங்காயெண்ணெயும் தேய்த்துப் பார்த்தார்கள். முதலாவதைத் தேய்த்த குழந்தைகளின் ரத்தத்தில் லினோலிக் ஏறியது, இரண்டாவதில் நிறைவுற்ற கொழுப்பு ஏறியது. அயோடின் எண் தோலைத் தாண்டிப் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டேன். இதை வைத்து யாரும் பாலுக்குப் பதில் எண்ணெய் தேய்க்கக் கிளம்பிவிட வேண்டாம்.

*

கதை இதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

லினோலிக் ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதன் சகோதரி லினோலினிக் அமிலத்தை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஒமேகா-3 என்று இன்றைக்கு விளம்பரங்களில் வருகிற குடும்பத்தின் மூத்தவள் அவள். ஒமேகா என்று வால் பக்கத்திலிருந்து எண்ணிப் பெயர் வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் ஹோல்மன்தான்.

1982-ல் அவர் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். ஆறு வயது. வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ரத்தக்குழாய் வழியேதான் சாப்பாடு. இப்போது கொழுப்பும் சேர்த்தே கொடுத்தார்கள். குசும்பா எண்ணெய்க் கரைசல், லினோலிக் நிறைய உள்ளது. லினோலினிக் கிட்டத்தட்ட இல்லாதது. சில மாதங்களில் அவளுக்குக் கைகால் மரத்துப்போனது, கால்வலி வந்தது, நடக்க முடியாத நேரங்கள் வந்தன, பார்வை மங்கியது. சோயா எண்ணெய்க் கரைசலுக்கு மாற்றினார்கள். அதில் இரண்டு சகோதரிகளும் உண்டு. அறிகுறிகள் மறைந்தன.

ஹேன்சனின் பாடத்தைச் சரியாகப் பின்பற்றியும் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் இருக்கிறது என்று நினைத்துச் செய்த ஒவ்வொரு மாற்று உணவிலும் ஏதோ ஒன்று விடுபட்டிருந்தது. அது விடுபட்டது என்று ஒரு சின்ன உடம்பு நோயுற்ற பிறகே தெரிந்தது. கொழுப்பு மட்டுமில்லை. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் சில சோயா பால்பவுடர்களில் குளோரைடு, அதாவது சாதாரண உப்பில் இருக்கிற சமாசாரம், குறைந்துபோய்க் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகுதான் 1980-ல் குழந்தைப் பால்பவுடருக்கென்று தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் லினோலிக் அமிலமும் ஏறியது: நூறு கலோரிக்குக் குறைந்தது 300 மில்லிகிராம். கலோரிக் கணக்கில் 2.7 சதவீதம். ஹேன்சன் சொன்ன ஒரு சதவீதத்துக்கு மேலே ஒரு பாதுகாப்பு இடைவெளி. சர்வதேச கோடெக்ஸ் தரமும் இதே 300-ஐத்தான் சொல்கிறது, லினோலினிக்குக்கு 50 என்று சேர்த்து.

டின்னின் முன்பக்கம் பெரிய எழுத்தில் வருவது இன்னொன்று: டிஹெச்ஏ. ஒமேகா-3 குடும்பத்தின் இளையவள், மூளையிலும் விழித்திரையிலும் நிறைந்திருப்பவள். மிகக் குறைந்த எடையில் முன்கூட்டியே பிறந்த குழந்தைகளின் விழித்திரை, இந்தக் குடும்பம் குறைந்த பாலில் சரியாக வேலை செய்யவில்லை என்று 1990-ல் ரிக்கார்டோ வாவியின் குழு காட்டியது. அது முக்கியமான வேலை. பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ 2002-ல் அமெரிக்கப் பால்பவுடர்களில் சேர ஆரம்பித்தது. ஆனால் நிறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடுகளில், மூளை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் எதுவும் உறுதிப்படவில்லை. மகளிடம் அதையே சொன்னேன். முன்பக்கம் பெரிதாக இருப்பதைவிடப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதற்குத்தான் ஆதாரம் அதிகம்.

*

டாக்டர் சொன்னதுபோலப் பத்து நாளில் இல்லை, மூன்று வாரத்தில் டின் தேவைப்படாமல் போயிற்று. மகளுக்குப் பால் நன்றாக ஊறியது. ஒருநாள் சாயங்காலம் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவளிடம், அவள் கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் சொன்னேன். எலி, பிரௌனின் தலைவலி, கால்வெஸ்டன், எல்லாம். எனக்கு வந்த சங்கடத்தையும் மறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பாப்பாங்கல்லாம் இப்ப எங்கப்பா இருப்பாங்க?" என்றாள்.

எனக்கு அந்த யோசனையே வந்திருக்கவில்லை. அறிக்கையில் எண்ணிக்கைதான் இருக்கிறது, பெயர்கள் இல்லை. இருக்கவும் கூடாது. மனசுக்குள் வருடத்தைக் கழித்துப் பார்த்தேன். நான் பிறந்தது 1956-ல்.

"என் வயசுதாம்மா இருக்கும்" என்றேன். "பேரன் பேத்தி எடுத்திருப்பாங்க."

காலி டின்னை அவள் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். இப்போது அதில் பெருங்காயக் கட்டி இருக்கிறது.